கழுவி வைத்த பட்டறை

செல்வி, கணேசா,

போன வாரம் நெருளில் உங்கள் ஆபீசுக்கு நான் வந்தபோது இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க மேசை நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். சின்னக் கம்பெனிகள் புதிதாக எதையாவது செய்து பார்க்க வெளிநாட்டிலிருந்து கொடுக்கிற பணத்துக்கு மனுப் போட்டிருப்பதாகவும், வேலை நடக்கும் இடத்தை வீடியோவில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் செல்வி சொன்னாள். பக்கத்து ஆபீசிலிருந்து பூந்தொட்டிகள் இரவல் வந்திருந்தன. மீன் பெட்டிக்குள் குளிர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் உங்கள் கருவியில், சரியாக வராத பழைய மாதிரிகளை எல்லாம் அள்ளிக் கணேசன் பாத்ரூமுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான். "அப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க, படத்துல வர்றீங்க" என்றான். நகர்ந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் செல்வி போனில் கேட்டாள்: "நீங்களும் இதே மாதிரி கிராண்ட் பணம் வாங்கித் தர்ற ஆபீஸ்லதானே இருந்தீங்க. என்னதான் பண்ணீங்கப்பா அங்க?"

வாயால் சொன்னால் பாதியில் இருமல் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். என்ன செய்வது, என்னுடைய இங்கிலீஷ் மனு நிரப்பும் இங்கிலீஷ். அதில் மனுஷர்களைப் பற்றி எழுத வராது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். தாராவியில் சித்தப்பா ரூமில் வந்து இறங்கி, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, ஒரு மருந்து கோடவுனிலும் ஒரு வக்கீலிடமும் டைப் அடித்துவிட்டு, எண்பதுகளின் ஆரம்பத்தில் மாட்டுங்காவில் ஒரு மாடியறையில் இருந்த சிறுதொழில் ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்தேன். அத்தனை வருஷமும் இரண்டு வரியில் அடங்கிவிட்டது பாருங்கள். உள்ளே இருந்தபோது அது முடியவே முடியாது போலத்தான் இருந்தது.

எங்கள் வேலை இதுதான். வெளிநாட்டில் சில தேசங்கள் ஒரு பணத்தை ஒதுக்கி வைத்திருந்தன. அந்த ஊர்ச் சின்னக் கம்பெனி ஒன்றும் நம் ஊர்ச் சின்னக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து, இதுவரை இல்லாத ஒன்றைச் செய்து பார்த்தால் செலவில் பாதியை அவர்கள் கொடுப்பார்கள். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். ஆனால் கடையில் விற்கிற மெஷினை வாங்க அந்தப் பணம் கிடைக்காது. குறை ஒன்று இருக்க வேண்டும், அதைத் தீர்க்கப் புது வழி ஒன்றும் இருக்க வேண்டும், இரண்டையும் அவர்கள் ஆள் வந்து கண்ணால் பார்க்க வேண்டும். பட்டறை பட்டறையாகப் போய் இதை விளக்கிச் சொல்லி, விவரம் சேகரித்து, மனுவாக அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "லோனா?" என்பார்கள். லோன் இல்லை என்றால் முகம் மாறிவிடும். கோவண்டியில் பித்தளை வால்வு வார்க்கிற ஒருவர் நல்ல உலோகக் கலவை ஒன்று கண்டுபிடித்திருந்தார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று மனுவில் எழுதச் சொன்னால், "எளுதிட்டா அவனே செஞ்சிக்கிடுவான்லா, பொறவு நான் எதுக்கு?" என்று அந்த இடத்தைக் காலியாகவே விட்டார். மூன்று முறை நடந்தேன். காலியாகவே போனது, காலியாகவே திரும்பியது. அவர் சந்தோஷப்பட்டார். "பாத்தியளா, நான் எளுதிருந்தா ரகசியம் போயிருக்கும்" என்றார். இப்படிப் போன மனுக்கள்தான் அதிகம். கால் வலித்ததுதான் மிச்சம் என்று உங்கள் அம்மா சொல்லுவாள். தப்பில்லை.

எனக்கு மேலே இருந்தவர் ராமசேஷன் சார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் மனுவை அடித்துக்கொண்டு போனால் உட்காரச் சொல்லுவார். அவர் உட்காரச் சொன்னாலே பயம், ஏனென்றால் அடுத்த ஒரு மணி நேரம் போய்விடும். கைக்குட்டையை நாலாக மடித்து மேசையில் விரித்து, அதன்மேல் முழங்கையை வைத்துக்கொண்டு, மனுவை முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசிப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பென்சிலைத் தூக்கிப் பிடித்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"யார் பார்த்தது?"

'தினமும் இவ்வளவு தண்ணீர் வீணாகிறது' என்று அடித்திருந்தால், யார் பார்த்தது. முதலாளி சொன்னார் என்றால், "அவர் சொன்னது சரி. பார்த்தது யாரு?" நான் பார்த்தேன் என்றால் தலையாட்டி அடுத்த வரிக்குப் போவார். இல்லை என்றால் அந்த வரியைப் பென்சிலால் லேசாக, வலிக்காத மாதிரி அடிப்பார். "சிறந்த", "மிகுந்த" என்று எதையாவது நான் சேர்த்திருந்தால் அதன் தலையில் ஒரு சின்ன வட்டம். "இதை யாராலயும் பார்க்க முடியாது முத்து. எடுத்துடுங்கோ" என்பார். பத்துப் பக்கம் கொண்டுபோய் நாலு பக்கத்தோடு வெளியே வருவேன். எரிச்சலாக இருக்கும். ஆனால் மிஞ்சிய நாலு பக்கத்தில் பொய் என்று ஒரு எழுத்து இருக்காது.

இனி காதர் மைதீன் பாய் விஷயத்துக்கு வருகிறேன். அவரை உங்களுக்குத் தெரியும். செல்வி, உன் கல்யாணத்தில் முன்வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்து, மைக் செட்காரனைப் பாட்டை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டாரே, அவர்தான்.

அவருக்குத் தாராவியில் தோல் பதனிடும் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய அத்தா வந்து ஆரம்பித்தது. உப்புப் போட்ட தோல் வரும். அதை ஊற வைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, முடியும் கொழுப்பும் நீக்கி, கடைசியில் பெரிய மர உருளைகளுக்குள் குரோமிய உப்புத் தண்ணீரோடு போட்டுச் சுற்றவிடுவார்கள். தோல் அதைக் குடிக்கிற அளவுக்குக் குடிக்கும். மிச்சமெல்லாம் நீல நிறத்தில் சாக்கடைக்குப் போகும். அந்தத் தண்ணீர்தான் பிரச்சினை. தண்ணீரைச் சுத்தம் பண்ணி விடு, இல்லாவிட்டால் பட்டறையை எடுத்துக்கொண்டு தேவ்நார் பக்கம் போ என்று அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. போனால் அவருடைய ஆட்கள் கூடப் போக முடியாது. எல்லோருக்கும் குடும்பமும் அடுப்பும் பட்டறையைச் சுற்றி இருந்த கல்லிகளில், அந்தச் சின்னச் சந்துகளில்தான். பட்டறை போனால் அத்தனை வீட்டிலும் வேலை போகும்.

ஹாலந்தில் ஒரு சின்னக் கம்பெனி, அந்த நீலத் தண்ணீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் உருளைக்கே அனுப்புகிற வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. ஆனால் அவர்கள் அதைக் குளிர் தேசத்தில், பெரிய இடத்தில்தான் செய்து பார்த்திருந்தார்கள். நம் வெயிலில், இடமே இல்லாத ஒரு பட்டறையில், சின்னத் தொட்டிகளில் ஆகுமா என்று பார்க்க வேண்டும். இதைவிடப் பொருத்தமான மனு என் கைக்கு வந்ததில்லை.

முதல் நாள் பாயிடம் சொன்னபோது அவர் பழைய கதைதான் பேசினார்.

"திருப்பித் தர வேண்டாம்னா அவன் எதுக்கு அண்ணாச்சி தாரான்? எம் மவளப் பொண்ணு கேட்டு வருவானோ?"

"தண்ணி சுத்தமாகுதான்னு பாக்கதுக்குத் தாரான் பாய்."

"நம்ம தாராவித் தண்ணி சுத்தமாகலன்னு ஹாலந்துல ஒருத்தன் தூங்காம கெடக்கானா? பாவம். சாப்பிடுங்க மொதல்ல."

அவர் பட்டறைக்குப் போனால் சாப்பிடாமல் திரும்ப முடியாது. பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரே ஒரு நல்ல நாற்காலி. அது வருகிறவருக்கு. பாய் தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். நாற்றத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறேன். பத்துத் தடவைக்கு அப்புறம் நெய் வாசனை மட்டும்தான் தெரிந்தது.

மனுவுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே நடந்தேன். தொட்டியை அளந்தேன், உருளை காலி ஆகும்போது பக்கத்தில் நின்று வாளியில் பிடித்தேன். ராமசேஷன் சாரின் பென்சிலுக்குப் பயந்து எல்லாவற்றையும் நானே பார்த்தேன். மனு போய், சில மாதம் கழித்து டெலக்ஸ் வந்தது. பணம் கொடுக்கிறவர்கள் சார்பில் ஹாலந்திலிருந்து பீட்டர் என்பவர் நேரில் பார்க்க வருகிறார். அவர் பார்த்து எழுதினால் பணம். எழுதாவிட்டால் இல்லை.

பாயிடம் போய்ச் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். "பாய், எதையும் மாத்தாதிய. எப்பவும்போல வேல நடக்கட்டும். அவருக்கு அந்தத் தண்ணியத்தான் பாக்கணும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்க கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார்.

அன்று காலை பீட்டரை டாக்சியில் கூட்டிக்கொண்டு போனேன். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், முகமெல்லாம் வெயிலில் சிவந்துபோய், கையில் காலிக் கண்ணாடிப் பாட்டில்கள் அடுக்கிய ஒரு பெட்டி. கல்லி முனையில் இறங்கியதுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. நாற்றம் இல்லை. ஊதுபத்தி வாசனை வந்தது.

உள்ளே போனால் எனக்கே இடம் அடையாளம் தெரியவில்லை. சுவருக்குப் புது வெள்ளை. உருளைகள் நின்றிருந்தன, அவற்றைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டிகளைக் காலி செய்து பலகை போட்டு மூடி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருந்தது. சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் போட்டு, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். கண்ணாடி மாதிரி ஓடியது. ஆட்கள் எல்லோரும் குளித்துச் சட்டை போட்டு வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி இசக்கி வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறோடு நின்றான். அவனை வேட்டியில் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பாய் மல்லிகை மாலையோடு முன்னால் வந்தார்.

நான் அவர் காதில், "பாய், என்ன பண்ணி வச்சிருக்கிய?" என்றேன்.

"ரெண்டு நாளா ஒருத்தனும் தூங்கல அண்ணாச்சி" என்றார், பெருமையாக.

பீட்டர் மாலையைப் போட்டுக்கொண்டார். நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பிரியாணி சாப்பிட்டார். பிறகு பெட்டியைத் திறந்து, சாக்கடை ஓரம் குந்தி, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாயும் பார்த்தார். "ஏ-ஒன்?" என்று கேட்டார். பீட்டர் தலையாட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் மாட்டுங்கா அலுவலகத்தில் பீட்டர் அந்தப் பாட்டிலை ராமசேஷன் சாரின் மேசைமேல் வைத்தார். அவருக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். அவர் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது. "என் ஊர்ப் பட்டறைகள்கூட இவ்வளவு சுத்தமாக இல்லை. வேலை நடப்பதையும் நான் பார்க்கவில்லை, அழுக்குத் தண்ணீரையும் பார்க்கவில்லை. நான் என்ன எழுதுவது?" நாளை மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்புகிறார்.

அவர் போன பிறகு சார் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் பாத்தேன் சார். மழ பூரா பாத்தேன். அது நீலத் தண்ணிதான்" என்றேன்.

"தெரியும் முத்து. ஆனா நீங்க பார்த்தது போறாது. அவர் பார்க்கணும்."

"இவங்க ஏன் சார் இப்பிடிப் பண்றாங்க?"

"எங்காத்துக்கு யாராவது வந்தா நானும்தான் பழைய பேப்பரையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்றேன்" என்றார். பிறகு, "நாளைக்கு வேலை நடக்குமா?" என்று கேட்டார்.

கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று நேராகப் பட்டறைக்குப் போனேன். பாய் சந்தோஷத்தில் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"இன்னொரு தரம் கூட்டிட்டு வாரியளா? எதப் பாக்க?"

"அழுக்கத்தான் பாய். நாளைக்கு உருளைய ஓட்டுங்க. தண்ணி வெளிய போறத அவர் பாக்கட்டும்."

"ஊர்லேருந்து ஊர் வந்த மனுசன நாத்தத்துல நிப்பாட்டி, 'பாருங்க தொர, நாங்க இப்பிடித்தான் கெடக்கோம், எதாவது பாத்துப் போடுங்க'ன்னு கை ஏந்தணும். அப்பிடித்தானே? எங்கத்தா இந்த ஊருக்கு வந்து அதுமட்டும் செய்யல."

"பட்டற போயிருமே பாய்."

"போவட்டும். ஒதுக்கி வச்ச சரக்கு ஊறிக் கெடக்கு, நாளைக்கு நான் வேல பாக்கணும். யாரையும் கூட்டிட்டு வராதிய."

இசக்கி என்னைக் கல்லி முனைவரை கொண்டுவிட வந்தான். "நானும் சொன்னேன் அண்ணாச்சி. 'பாய், அவன் சாக்கடையத்தான் பாக்க வாரான், சாக்கடைக்கு எதுக்கு ஊதுபத்தி'ன்னு. 'ஒனக்கு நாகரிகம் தெரியாது, போலே'ன்னுட்டாரு" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் அவன் பெண்டாட்டிக்கு அப்போது ஏழாவது மாதம். சிரித்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு அவர் இடத்துக்குள் சொல்லாமல் போவது சாருக்கு ஒப்பாத காரியம். கடைசியில் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "உள்ள போக வேண்டாம். வாசல்ல நிப்போம். நானும் வரேன். அவர் வேண்டாம்னு சொன்னா திரும்பிடலாம்" என்றார்.

மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம்தான். ஆனால் சார் பட்டறைப் பக்கம் வந்தது அன்றைக்குத்தான். பேன்டை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் பீட்டர், பாட்டில் பெட்டியோடு. நாற்றம் கல்லிக்கு முன்பே வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே மூன்று பேரும் நின்றோம்.

உள்ளே உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பாய் கைலியை மடித்துக் கட்டி, வெற்றுடம்போடு, முழங்கைவரை நீலமாக நின்றார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கையால் கைலியை இறக்கிவிட்டார். என்னை அவர் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

ராமசேஷன் சார் கைகூப்பினார். "நீங்க வரச்சொல்லல. தெரியும். நீங்க சொல்லாம ஒரு அடி உள்ள வைக்க மாட்டோம். இப்பவே போன்னாலும் போறோம்."

பாய் உருளையைப் பார்த்தார், சாரின் கூப்பிய கையைப் பார்த்தார். நான் அந்தக் கணத்தைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எது அவரை வெள்ளையடிக்க வைத்ததோ, அதேதான் அன்று அவரை மாட்டிவிட்டது. வாசலில் வந்து நிற்கிற மூன்று பேரைப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அத்தாவும் உம்மாவும் அவரை அப்படி வளர்க்கவில்லை. சாருக்கு அது தெரிந்துதான் வாசலில் நின்றாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பென்சிலைத் தூக்கியிருப்பார்.

"வாங்க" என்றார் பாய். அவ்வளவுதான். நாற்காலி எடுத்துப் போடவில்லை.

இசக்கி உருளையின் மூடியைக் கழற்றினான். நீலத் தண்ணீர் கொட்டித் தரையில் பரவி, பீட்டரின் தோல் ஷூவுக்குள் போனது. அவர் நகரவில்லை. குந்தி ஒரு பாட்டில் பிடித்தார், நகர்ந்து சுண்ணாம்புத் தொட்டி ஓரம் ஒரு பாட்டில். மூன்றாவதைப் பிடிக்கக் குனிந்தபோது, முந்தின நாள் எங்கோ ஒதுக்கி வைத்திருந்த, முடியும் கொழுப்பும் அழுகிய குவியல் பக்கத்தில் இருந்தது. சட்டென்று எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்காகப் போட்ட புது வெள்ளையின் மேலேயே வாந்தி எடுத்தார்.

பாய்தான் ஓடிப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தன் கை நீலமாக இருக்கிறது என்று பார்த்து, செம்பை இசக்கியிடம் கொடுத்து, "நீ குடுலே, கைய நல்லா களுவிட்டுக் குடு" என்றார். பீட்டர் வாயைக் கொப்பளித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு சிரித்து, "இப்போது பார்த்துவிட்டேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். சார் அதைத் தமிழில் பாயிடம் சொன்னார். பாய் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது பாய் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "பாத்துப் போங்க சார்."

அதுவரை நான் அவருக்கு அண்ணாச்சி.

பணம் வந்தது. உடனே இல்லை. அதற்குள் நோட்டீசுக்குக் கெடு மேல் கெடு வாங்கி, நானும் பாயும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கித் தேய்ந்தோம். இரண்டு தொட்டியும் கலக்குகிற சாதனமும் வந்தன. ஹாலந்துக்காரர்கள் சொன்ன அளவில் போட்டால் நம் மழைக்காலத்தில் குரோமியக் கசடு அடியில் தங்கவே இல்லை. தங்க வைக்க ஒரு வருஷம் ஆயிற்று. கடிதம் போகும், பதில் வரும், அதற்குள் மழை நின்றிருக்கும். இதுதான் ஆராய்ச்சி என்று அப்போது எனக்குப் புரிந்தது. பெரும்பாலும் காத்திருப்பது.

வேலை எப்படி நடக்கிறது என்று மாதாமாதம் நான் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது நிபந்தனை. போனால் பாய் எழுந்து நிற்பார். "வாங்க சார். அளுக்கு அங்க இருக்கு, பாருங்க" என்று கையைக் காட்டுவார். நாற்காலி இருக்கும். சாப்பாடு வராது. டீகூட வராது. ஒரு தடவை நானே, "டீ சொல்லுங்க பாய்" என்றேன். "இது ஆபீஸ் விசயம்லா சார். டீ குடுத்தா லஞ்சம்னு ஆயிரும்" என்றார். இசக்கி குனிந்து வேலையைப் பார்த்தான். பட்டறை நிலைத்துவிட்டது, ஆட்கள் வேலையில் இருந்தார்கள், இசக்கிக்கு மகன் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். எனக்கு மனக்குறை எதற்கு? ஆனால் அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடுவாரா என்று காது எதிர்பார்த்தது. நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவர் கோபப்பட்டதும் தப்பில்லை. இரண்டும் அப்படியே கிடந்தன.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நாம் செம்பூரில் அந்த ஒற்றை ரூமில் இருந்தோம். கணேசனுக்கு நினைவிருக்காது. மூட்டைப்பூச்சி தாங்காமல் உங்கள் அம்மா அன்று வீட்டையே கவிழ்த்துவிட்டாள். மெத்தை கேலரிக் கைப்பிடிச் சுவரில் தொங்கியது. கட்டில் பலகைகள் கழன்று சுவரில் சாய்ந்திருந்தன, நான் இடுப்பில் துண்டோடு கட்டில் இடுக்குகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாத்திரம், அரிசி டின், உங்கள் பீத்தல் துணி எல்லாம் நடு ரூமில் மலையாகக் கிடந்தன. செல்வி தலையில் பேன் மருந்தோடு அழுதுகொண்டிருந்தாள். கணேசன் அம்மணமாக அரிசி டின்னைத் தட்டிக்கொண்டிருந்தான்.

வாசலில், "வீட்ல ஆள் உண்டா?" என்று குரல்.

திரும்பினால் காதர் மைதீன் பாய். சலவைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு பாட்டில்.

உங்கள் அம்மா பலகைக்குப் பின்னால் போய்விட்டாள். நான் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணிமலையை அள்ளினேன். எங்கே போடுவது? கட்டிலுக்கு அடியில் தள்ளலாம் என்றால் கட்டிலே இல்லை. "கொஞ்சம் நில்லுங்க பாய், ஒரு நிமிசம், இப்ப எடுத்திருதேன்" என்று என்னென்னவோ உளறினேன். முகம் எரிந்தது. இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. அது வந்ததும்தான் கை நின்றது. துணியோடு அப்படியே நின்று அவரைப் பார்த்தேன்.

அவர் வாசற்படியில் நின்று, மெத்தையை, பலகையை, அம்மணமாக நின்ற கணேசனை, என் துண்டை எல்லாம் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார். வாய் ஓரத்தில் சிரிப்பு ஆரம்பித்தது.

"எதையும் எடுக்காதிய அண்ணாச்சி" என்றார். "நான் பாத்துட்டேன்."

உள்ளே வந்து, கணேசனைத் தூக்கி ஓரமாக விட்டுவிட்டு, அரிசி டின்மேல் உட்கார்ந்தார். பாட்டிலை என் முன்னால் வைத்தார். பட்டறையிலிருந்து வெளியே போகிற தண்ணீர். தெளிவாக இருந்தது. சோதனையில் தேறி, நோட்டீசை வாபஸ் வாங்கிவிட்டார்களாம். தேவ்நாருக்குப் போக வேண்டாம். ராமசேஷன் சாரிடம் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம், முதலில் இங்கே சொல்ல வேண்டும் என்று வந்தாராம்.

உங்கள் அம்மா பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளரை மட்டும் நீட்டினாள். வந்தவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"இதக் குடிக்கப்படாது தங்கச்சி" என்றார் பாய். "குடிக்கணும்னா அதுக்கு இன்னொரு கிராண்டு வாங்கணும். ஒங்க வீட்டுக்காரரு அதையும் வாங்கிருவாரு, பயமா இருக்கு. நீ டீயப் போடு."

சர்க்கரை டப்பா அந்த மலைக்குள் எங்கே கிடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சர்க்கரை இல்லாத டீதான் வந்தது, அதிலும் மண்ணெண்ணெய் வாடை. பாய் அதைக் குடித்து முடித்து, டம்ளரை நீட்டி, இன்னொன்று கேட்டார்.